துவாலு: கடலுக்கு முன்பே வரும் உப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பசிபிக் தீவு நாடான துவாலு பற்றிய தங்கள் கட்டுரை, அந்நாடு மூழ்கப்போகிறது என்பதோடு நின்றுவிட்டது வருத்தமளிக்கிறது. ஒன்பது தீவுகள், ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் நிலம், சுமார் 11,000 மக்கள் என்ற விவரங்கள் சரியே. ஆனால் அங்கே கடல் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை. பவளப்பாறையாலான நிலம் நுண்துளைகள் நிறைந்தது என்பதால், கடலேற்றம் உச்சத்தில் இருக்கும் நாட்களில், தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுபாதையை ஒட்டிய தரையிலிருந்தே உப்புநீர் கொப்பளித்து எழுகிறது. நிலத்தடி நன்னீரை எட்டும்வரை குழி தோண்டி, இலைதழைகளை உரமாக இட்டு, தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுவந்த புலாக்கா என்னும் கிழங்கு, குழிகளில் உப்பேறியதால் பல இடங்களில் அழுகிப்போகிறது. குடிநீருக்கோ மக்கள் பெரும்பாலும் கூரையில் விழும் மழைநீரையே நம்பியிருக்கிறார்கள். நிலம் மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே பிழைப்பு கைநழுவிவிடும் என்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

துவாலுவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்டு 2024இல் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு துவாலு மக்கள் 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். நல்ல ஏற்பாடுதான்; எனினும், நிலப்பரப்பை இழந்தாலும் நாடு நிலைத்திருக்கும் என்று 2023இல் தம் அரசமைப்பிலேயே எழுதிக்கொண்ட மக்களை வெறும் அகதிகளாகச் சித்திரிப்பது நியாயமாகாது. அடுத்த கட்டுரையில் இதையும் சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்