ஐ.டி.ஐ. மாணவருக்கு இணைப்பு வகுப்பு தேவை

ஆசிரியருக்கு வணக்கம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அருமையான ஏற்பாடுதான். ஆனால் சேர்ந்தபின் பலர் அரியரில் சிக்குகிறார்கள். வெர்னியர் அளவுகோலில் 0.02 மி.மீ. பிசகாமல் அளக்கும் ஃபிட்டர், உத்தரத்தைச் சுமை எவ்வளவு வளைக்க முயல்கிறது என்று கணக்கிடும் பெண்டிங் மொமென்ட் பாடத்தில் தொகையீடு (இன்டெக்ரேஷன்) வந்ததும் திணறுகிறார். முதலாண்டுக் கணிதத்தை அவருக்கு யாரும் நடத்தவே இல்லையே!

கல்லூரி திறக்குமுன் ஆறு வாரம், தினம் மாலை இரண்டு மணி நேரம் திரிகோணமிதி, வகையீடு, தொகையீடு நடத்தலாம். பட்டறைக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு முனை நோக்கிச் சீராகக் குறுகும் டேப்பர் வடிவத்தைக் கடையும்போது பெரிய விட்டத்தில் சிறியதைக் கழித்து, நீளத்தின் இருமடங்கால் வகுத்துக் கோணம் வைக்கிறார்களே, அந்த விகிதம்தான் திரிகோணமிதியின் டேன்ஜென்ட். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு வகுப்பு வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வரும் சேர்க்கையிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

– தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் சிலர், கோவை