டிசம்பர் 11 பலகைக்கு

அன்புள்ள முத்துக்குமார்,

உன் கடிதமும் வரைவும் வந்து சேர்ந்தன. நூலக வாசலில் 'இன்றைய நாள்' பலகை எழுதும் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பத்து வரிதான் என்றாலும், பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். அவர்களிடம் தப்பான தேதி ஒட்டிக்கொண்டால் அது முப்பது வருஷம் போகாது. அதனால் டிசம்பர் 11ஐ வைத்தே விரிவாக எழுதுகிறேன். சிக்கல் என்னென்ன உண்டோ அத்தனையும் இந்த ஒரு நாளில் இருக்கிறது.

முதல் வரி பாரதியார். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. 1882, எட்டயபுரம். தமிழ்க் கணக்கில் சித்திரபானு வருஷம் கார்த்திகை 27, மூலம். தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்ந்து கிடைத்தால் கிழமையைப் போட்டுப் பார். 1882 டிசம்பர் 11 திங்கட்கிழமை. வருஷம், தேதி, கிழமை மூன்றும் பொருந்தினால்தான் அந்தத் தேதியை நம்பலாம். ஒன்று இடித்தாலும் எங்கோ எழுத்துப்பிழை புகுந்துவிட்டது என்று அர்த்தம். இப்போதைய பஞ்சாங்கத்தில் கார்த்திகை 27 எந்த நாளில் வருகிறது என்று பார்த்துச் சரிபார்க்காதே. இன்று அது டிசம்பர் 12 அல்லது 13இல் வரும். நம் சௌர வருஷம் ஆங்கில வருஷத்தைவிடச் சில நிமிஷம் நீளம். ஏறக்குறைய அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். அந்தந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத்தான் எடுக்க வேண்டும்.

பாரதியார் மறைந்த நாளையும் இப்போதே குறித்து வைத்துக்கொள், செப்டம்பரில் தேவைப்படும். 1921இல் திருவல்லிக்கேணியில், செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்த பிறகு உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் அது 12. விடிந்தால்தான் மறுநாள் என்ற நம் வழக்கப்படி 11. தமிழ்நாடு அரசு மகாகவி நாளாக அறிவித்தது 11ஐ. பலகையில் 'செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து' என்று எழுதிவிடு. இரண்டு பக்கத்துக்கும் அது உண்மை.

இரண்டாவது வரியில் நீ மாக்ஸ் போர்னை விட்டுவிட்டாய். கட்டாயம் சேர்க்க வேண்டியவர். பாரதியார் பிறந்த அதே 1882 டிசம்பர் 11இல், பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அப்போது ஜெர்மனி, இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப். குவாண்டம் இயற்பியலில் அலைச்சார்பு (நுண்துகளின் நிலையை விவரிக்கும் கணக்கு) தருவது நிகழ்தகவுதான் என்று 1926இல் சொன்னவர், 1954இல் நோபல் பரிசு பெற்றவர். யூதர் என்பதால் 1933இல் கோட்டிங்கன் பல்கலைக்கழக வேலையை இழந்தார். 1935-36இல் சி.வி. ராமனின் அழைப்பில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சில மாதம் பாடம் நடத்தினார். எட்டயபுரத்துக்காரரும் பிரெஸ்லாவ்காரரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுது. நின்று படிப்பார்கள்.

நோபல் என்றதும் இன்னொன்று. மருத்துவர் ராபர்ட் கோக் 1843, எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸ் 1911, ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சின் 1918, நரம்பியல் அறிஞர் பால் கிரீன்கார்ட் 1925. எல்லோரும் நோபல் பெற்றவர்கள், பிறந்தது டிசம்பர் 11. போர்னையும் சேர்த்தால் ஐந்து பேர். நோபல் பரிசு வழங்கும் நாளோ முந்தின நாள், டிசம்பர் 10. இவர்களில் யாருக்காவது கூடுதலாக ஒரு வரி கொடுப்பதானால் கோக்குக்குக் கொடு. காசநோய்க் கிருமியைக் கண்டதாக அவர் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. உலகக் காசநோய் நாள் அதனால்தான் மார்ச் 24இல் வருகிறது. 1883-84 குளிர்காலத்தில் கல்கத்தாவுக்கு வந்து, காலரா ஆய்வில் அங்கிருந்த குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டார்.

ஊர் எழுதுவதில் கவனம் வேண்டும். இந்தி நடிகர் திலீப் குமார் 1922இல் பெஷாவரில் பிறந்தார். உன் வரைவில் 'பாகிஸ்தானில் பிறந்தார்' என்று இருக்கிறது. அன்றைக்குப் பாகிஸ்தான் ஏது? 'பெஷாவர் (இன்று பாகிஸ்தான்)' என்று மாற்று. கோக் பிறந்த கிளௌஸ்டாலும் அப்போது ஹனோவர் அரசில் இருந்தது. விஸ்வநாதன் ஆனந்த் 1969, மயிலாடுதுறை. சென்னை என்று போடாதே. பிரணாப் முகர்ஜி 1935, மிராட்டி கிராமம் (இன்று மேற்கு வங்கம்). குகேஷ் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றது 2024 டிசம்பர் 12. ஆனந்த் பிறந்தநாளோடு சேர்த்து எழுதக் கை பரபரக்கும், ஆனால் அது அடுத்த நாள் பலகை.

இனி கடிகாரம். அப்பல்லோ 17 நிலவில் இறங்கியது 1972 டிசம்பர் 11, கிரீன்விச் நேரம் இரவு 7.54. இந்தியாவில் அப்போது 12ஆம் தேதி அதிகாலை 1.24. சிதார் கலைஞர் ரவிசங்கர் 2012 டிசம்பர் 11 மாலை கலிஃபோர்னியாவில் காலமானார். குளிர்காலத்தில் அங்கே நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை பத்தரை தாண்டினால் இங்கே மறுநாள். பழைய நாளிதழ்களைப் புரட்டினால் இந்த இரண்டுமே 12 போலத் தோன்றும். நான் பின்பற்றுவது இதுதான்: சம்பவம் நடந்த ஊரின் தேதி. நிலவுக்கு ஊர்த் தேதி கிடையாது, ஆகவே கிரீன்விச் தேதி. எந்த விதியை எடுத்தாலும் வருஷம் முழுக்க அதையே வைத்துக்கொள். பாதியில் மாற்றினால் ஒரே ஆள் இரண்டு நாள் பலகையில் ஏறிவிடுவார்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா விஷயத்தில் குழப்பம் இல்லை. 2004 டிசம்பர் 11 சனிக்கிழமை இரவு, சென்னை. பாரதியார் பிறந்த நாளிலேயே போய்ச் சேர்ந்தார். இதற்கு விளக்க உரை எதுவும் வேண்டாம். இரண்டு வரியையும் அருகருகே எழுதினால் போதும்.

உன் வரைவில் பெரிய பிழை 1688. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், அரச முத்திரையைத் தேம்ஸ் நதியில் போட்டுவிட்டு லண்டனை விட்டு ஓடியது டிசம்பர் 11 என்று எழுதியிருக்கிறாய். இங்கிலாந்தின் பழைய (ஜூலியன்) நாட்காட்டியில் அது 11தான். இன்றைய (கிரிகோரியன்) நாட்காட்டியில் டிசம்பர் 21. ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் கதை தலைகீழ். ஃபிரெட்ரிக்ஸ்டென் கோட்டை முற்றுகையில் தலையில் குண்டு பாய்ந்து 1718இல் இறந்தார். ஸ்வீடன்காரர்கள் நவம்பர் 30 என்பார்கள், புதிய கணக்கில் டிசம்பர் 11. பழைய கணக்கில் 1700, 1800, 1900 மூன்றும் லீப் வருஷம், புதியதில் இல்லை. அதனால்தான் இடைவெளி பதினேழாம் நூற்றாண்டில் 10 நாள், பதினெட்டில் 11, பத்தொன்பதில் 12, இருபதில் 13. பிரிட்டன் 1752இல் மாறியது, செப்டம்பர் 2க்கு மறுநாள் 14. ரஷ்யா 1918இல், ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. சோல்செனித்சின் பிறந்தது அந்த மாற்றத்துக்குப் பிறகு, அவர் தேதியைத் தொட வேண்டாம். அதற்கு முந்தைய ரஷ்யர் யார் வந்தாலும் இரண்டு தேதியையும் பார்த்துவிட்டு எழுது.

அப்புறம் சட்டம், ஒப்பந்தம். எந்தச் செயலின் தேதி என்று வினைச்சொல்லில் தெரிய வேண்டும். பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்ட் முடிதுறப்பில் கையெழுத்துப் போட்டது 1936 டிசம்பர் 10. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றி அது நடப்புக்கு வந்தது 11. பருவநிலை மாற்றம் பற்றிய கியோட்டோ ஒப்பந்தம் 1997 டிசம்பர் 11இல் 'ஏற்கப்பட்டது'. 'நடைமுறைக்கு வந்தது' 2005 பிப்ரவரி 16. 'கியோட்டோ ஒப்பந்தம், 1997' என்று மொட்டையாக விட்டால் பிப்ரவரியிலும் யாராவது அதையே கேட்பார்கள். யுனிசெஃப் (ஐ.நா. குழந்தைகள் நிதியம்) 1946, ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் பிறந்தது. அதில் சிக்கல் இல்லை.

வேலை முறைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஆண்டு, ஊர் (அன்று, இன்று), எந்த நேரக் கணக்கு, எந்த நாட்காட்டி, என்ன செயல், எங்கே பார்த்தது என்று ஆறு கட்டம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி பலகைக்குப் போகக் கூடாது. இரண்டு இடத்தில் ஒரே தேதி இருந்தாலும், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டதா என்று கவனி. இரண்டிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் அது ஒரே சாட்சிதான்.

பலகைக்கு என் தேர்வு: பாரதியார், போர்ன், கோக், ஆனந்த், எம்.எஸ்., ரவிசங்கர், யுனிசெஃப், அப்பல்லோ 17, கியோட்டோ. மீதி ஒரு வரியில் சர்வதேச மலைகள் நாள் என்று போடு, அதுவும் 11தான். ஜேம்ஸை எடுத்துவிடு.

டிசம்பர் 12, 13 வரைவுகளையும் அனுப்பு. கிழமை போட்டுப் பார்த்து அந்த வாரத்துக்குள் திருப்பி அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜாராம்