அலட்சியம் என்று எப்படி எழுதலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் லண்டனில் வீடு விற்பவர்களுக்காக வந்த கட்டுரையைப் படித்தேன். வக்கீல் செலவு, ஏஜென்ட் கமிஷன் பற்றியெல்லாம் பயனுள்ளதாகத்தான் இருந்தது. ஆனால் ஈ.பி.சி. என்கிற, வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை கிரேடு போடும் எரிசக்திச் சான்றிதழைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பழைய வீடுகள் டி, ஈ என்று கீழே கிடப்பதற்கு வீட்டுக்காரர்களின் அலட்சியம்தான் காரணம் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருடமாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீடு 1905 வாக்கில் கட்டியது. அந்தக் காலத்து வரிசை வீடுகளின் சுவர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. ஒன்பது அங்குல முழுச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. பிற்காலத்து வீடு என்றால் இரண்டு சுவருக்கு நடுவே துளை போட்டு, குளிரைத் தடுக்கும் இன்சுலேஷனை ஊதி நிரப்பிவிடலாம். எங்களுடையதில் வெளியே பலகை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஒட்ட வேண்டும். உள்ளே ஒட்டினால் அறை சுருங்கும், ஸ்கர்ட்டிங், ரேடியேட்டர், பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும்.

அதைத்தான் 2009 கோடையில் என் வீட்டுக்காரர் செய்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். வார நாட்களில் வேலை, சனி ஞாயிறு சுவர். என் தம்பியும் கூட நின்றான். முன்னறையிலும் மேலே இரண்டு படுக்கையறையிலும் பழைய பூச்சை உரித்து, இரண்டு அங்குல இன்சுலேஷன் பலகை ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசினார்கள். அடுத்த வருடம் தரைப் பலகைகளைப் பெயர்த்து அடியிலும் போட்டார்கள். நான்கு மாதம் அடுக்களையிலேயே படுத்தோம். அந்தக் குளிர்காலத்தில்தான் முதல் முறையாக என் மகள் ஸ்வெட்டர் போடாமல் முன்னறையில் உட்கார்ந்து படித்தாள். அவர் 2016-இல் போய்விட்டார்.

எனக்கு முழங்கால் முடியவில்லை, மகள் வீட்டோடு போகலாம் என்று 2024-இல் வீட்டை விற்கத் தீர்மானித்தேன். விற்பனைக்குப் போடும் முன்பே ஈ.பி.சி.க்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும், வாங்க வருபவருக்குக் காட்டாவிட்டால் 200 பவுண்டு அபராதம். சரி என்று, சர்வே செய்து சான்றிதழ் கொடுப்பவரை வரச் சொன்னேன். வந்த பையன் மரியாதையானவன், அவனைக் குறை சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் டேப்பும் டேப்லெட்டுமாகச் சுற்றினான். கூரைக்கு அடியில் லாஃப்ட்டில் ஏறி அளந்தான், இன்சுலேஷன் 270 மில்லிமீட்டர் இருந்தது, எழுதிக்கொண்டான். சுவருக்குப் பில் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். தரைக்கு? அதற்கும் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய பலகைக்குப் பில்லை யார் வைத்திருக்கிறார்கள்?

சான்றிதழ் வந்தது. முழுச் செங்கல், கட்டியபடியே உள்ளது, இன்சுலேஷன் இல்லை, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'என்று கருதப்படுகிறது'. தரைக்கும் அதே. 51 புள்ளி, ஈ கிரேடு. 55 இருந்தால் டி. கீழே பரிந்துரை என்று ஒரு பட்டியல். சுவருக்கு உள்ளேயோ வெளியேயோ இன்சுலேஷன் செய்யவும், செலவு 4,000 முதல் 14,000 பவுண்டு. அவர் செய்த வேலையையே செய்யச் சொல்லி எனக்கு எழுதியிருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் முன்னறையில் ஒரு பிளக் பெட்டியைக் கழற்றினார். உள்ளே பலகையின் ஓரம், வெள்ளித் தாளோடு, பளிச்சென்று தெரிந்தது. படம் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்பினேன். சான்றிதழ் பதிவாகிவிட்டது, பில்லோ உத்தரவாதக் கடிதமோ வேண்டும், இல்லாவிட்டால் தான் மறுபடி வந்து நேரில் பார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்றான். பழைய வீட்டுக்கு நடப்பது இதுதான் ஐயா. கண்ணுக்குத் தெரியாததையும் காகிதம் இல்லாததையும் வீடு கட்டிய காலத்தை வைத்து ஊகித்து எழுதுகிறார்கள். அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எங்களை அலட்சியக்காரர்கள் என்கிறீர்கள்.

இந்தச் சான்றிதழ் இணையத்தில் யார் வேண்டுமானாலும் போஸ்ட்கோடு போட்டுப் பார்க்கும்படி இருக்கிறது. வாங்க வந்த தம்பதி பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். "ஆன்ட்டி, சுவர் வேலைக்கே பத்தாயிரம் ஆகுமே" என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் 6,000 குறைத்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, சான்றிதழில் இருந்ததைத்தானே படித்தார்கள்.

எழுத ஆரம்பித்த பிறகு பழசெல்லாம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் இல்ஃபர்டில் இருந்த சின்ன ஃபிளாட்டை விற்றோம். அப்போது வீடு விற்பவர் ஹெச்.ஐ.பி. என்று வீட்டைப் பற்றிய ஒரு தகவல் கட்டு தருவது கட்டாயம். முந்நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்தோம். 2010 மே மாதம் புது அரசாங்கம் வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள், அதற்குள் இருந்த ஈ.பி.சி. மட்டும் தங்கியது. 2020 கடைசியில் கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் வந்தது, இன்சுலேஷன் போன்ற வேலைக்கு ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு, 5,000 பவுண்டு வரை அரசாங்கம் தரும் என்றார்கள். மிச்சமிருந்த பின்பக்கச் சுவருக்கு விண்ணப்பித்தேன். வேலைக்கு வருகிறேன் என்ற கம்பெனி வரவேயில்லை. 2021 மார்ச் 31-இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். வாடகை வீடுகளை சி கிரேடுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வருடக்கணக்கில் பேசினார்கள், 2023 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் வேண்டாம் என்றார். இன்னொரு அரசாங்கம் வந்து மறுபடி 2030 என்கிறது. இதில் அலட்சியம் யாருடையது?

நான் சான்றிதழே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், 1994-இலிருந்து ஐந்து வருடம் மேனர் பார்க்கில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். கட்டில் பக்கத்துச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. மகளுக்கு மூச்சிரைப்பு அங்கேதான் ஆரம்பித்தது. குளிரைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்கவே வழியில்லை. இன்று எஃப், ஜி கிரேடு வீட்டை, விலக்கு வாங்காமல், வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. புது வாடகைக்கு 2018 ஏப்ரலிலிருந்தும் பழைய வாடகைக்கு 2020 ஏப்ரலிலிருந்தும். அது நல்ல சட்டம். அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். பத்து வருடத்துக்குச் செல்லும் தாளில் ஊகத்தை எழுதிவிட்டுப் போகக்கூடாது.

அப்புறம் இன்னொன்று. 2025 ஜனவரியில், அரசாங்கத் திட்டத்தில் சுவர் இன்சுலேஷன் செய்துவந்த 39 கம்பெனிகளை வேலை சரியில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. அந்தத் திட்டங்களில் வெளிச்சுவரில் செய்த வேலையில் 98 சதவீதம் திரும்பச் சரிசெய்ய வேண்டிய நிலை, உள்சுவரில் 29 சதவீதம். ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்த வீடுகளும் அதில் உண்டு. அந்த வீட்டுக்காரர்களிடம் பில் இருக்கும், உத்தரவாதம் இருக்கும், சான்றிதழில் புள்ளியும் ஏறியிருக்கும். என் வீட்டுக்காரர் ஒட்டிய சுவரில் பதினைந்து வருடத்தில் ஒரு பொட்டு ஈரம் வரவில்லை. அதற்குப் புள்ளி இல்லை.

எங்கள் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வெளிச்சுவரில் பாதிக்கு மேல் பூச்சை உரித்துப் பூசினால், கட்டட விதிப்படி கவுன்சிலில் கட்டட வேலையைச் சோதிக்கும் பில்டிங் கன்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லியிருந்தால் வேலை முடிந்ததற்கு ஒரு சான்று கிடைத்திருக்கும், அதுவே இன்று போதுமான ஆதாரம். அப்போது எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. தமிழில் எழுதும் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, உங்களுடையதையும் சேர்த்துத்தான்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். வீட்டை உடைத்துக் கட்டுபவர்கள் பில்டிங் கன்ட்ரோலுக்குச் சொல்லிச் சான்று வாங்கட்டும். விலாசம் எழுதிய பில்லையும் உத்தரவாதத்தையும் ஒரு உறையில் போட்டு வைக்கட்டும். பிளாஸ்டர் பூசும் முன் படம் எடுத்து வைக்கட்டும். சர்வே செய்ய வருபவரிடம் அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் நீட்டட்டும். இடம் இருந்தால், 'அலட்சியம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுவதாக அதன் கீழே ஒரு வரியும் போடுங்கள். நான் இப்போது இருப்பது மகள் வீட்டில், ஆனாலும் இதழ் பழைய கடையில்தான் வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
ஈஸ்ட் ஹாமில் இருந்தவள், லண்டன்