எல்லா மண்ணுக்கும் 40 மில்லியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துளிர் வளர்ச்சியை அடக்கி மாமரத்தைப் பூக்கவைக்க மண்ணில் ஊற்றும் பேக்லோபுட்ரசால் என்ற மருந்தை நம் கிருஷ்ணகிரித் தோப்புகளில் 'கல்டார்' என்றால்தான் தெரியும். செப்டம்பர் முதல் பாதியில் மரத்துக்கு 10 கிராம் மூலப்பொருள் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. லிட்டருக்கு 250 கிராம் உள்ள மருந்தானால் அது 40 மில்லி. கணக்கில் தப்பில்லை. சரளைச் செம்மண்ணுக்கும், வருடா வருடம் வண்டல் அடித்த நிலத்துக்கும், நாலு மீட்டர் விரிந்த இளமரத்துக்கும், பத்து மீட்டர் விரிந்த கிழமரத்துக்கும் அதே 40 மில்லியை ஆண்டு தவறாமல் ஊற்றுவதுதான் கோளாறு. கிளை விரிவு ஒரு மீட்டருக்கு 1 முதல் 1.5 கிராம் என்று பிடித்தால், நாலு மீட்டர் மரத்துக்கு 16 முதல் 24 மில்லி போதும்.

மிச்சம் எங்கே போகிறது என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. செம்மண்ணில் உள்ள களி பெரும்பாலும் கயோலினைட் என்ற வகை. ஒரு கிராமுக்கு 10–20 சதுர மீட்டர் பரப்புதான். கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களி தாள் தாளாக விரிந்து தண்ணீரை உள்ளே விடும். அதன் பரப்பு 700 சதுர மீட்டரைத் தாண்டும். நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் திறன், 100 கிராமுக்கு முன்னதில் 3–15 மில்லி ஈக்வலன்ட் (அயனிகளின் சுமையை அளக்கும் அலகு), பின்னதில் 80–120. ஈர மண்ணை உருண்டை பிடித்து நிழலில் காயவைத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கரிசல் உருண்டை சுருங்கி வெடிக்கும். செம்மண் உருண்டை ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

பரப்பு இருந்தால் மட்டும் மருந்து ஒட்டிவிடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இரண்டு நேர்மின் சுமை உண்டு. எதிர்மின் சுமையுள்ள களி அதைக் கண்டதும் கவ்விக்கொள்ளும். கலங்கிய ஏரித் தண்ணீரில் கலந்தால் டேங்கிலேயே அதன் வேலை முடிந்துவிடுவது இதனால்தான். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி மண்ணில் எதிர்மின் அயனியாக இருப்பதால் களி அதைத் தள்ளிவிடும். அது தண்ணீரோடு கீழே இறங்கும். கல்டாருக்கு நேர்மின் சுமையும் இல்லை, எதிர்மின் சுமையும் இல்லை. களித் தாள்களுக்கு இடையில் கால்சியம் அயனிகள் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அதற்கு அங்கே இடம் குறைவு. அதனால் அதைப் பெரும்பாலும் பிடித்துவைப்பது மண்ணின் மக்கு, அதாவது கரிமப் பொருள். அந்தக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மண் ஆய்வில் 'குறைவு' என்று போடுவார்கள்.

மக்கு குறைந்த மண்ணில் மருந்து கூடுதலாக மண் நீரில் நிற்கிறது. வேர் அதை ஒரேயடியாக இழுக்கும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிரும் அங்கே குறைவு என்பதால் மிச்சம் அடுத்த வருடத்துக்கும் தங்கும். பூங்கொத்து குட்டையாகி நெருக்கிப் பிடிக்கும். அந்த இடுக்கில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் குடியேறும். துளிர் ஒரு சாண் கூட நீளாது. மக்கு மிகுந்த நிலத்தில் இதற்கு நேர்மாறு. ஊற்றியது பிடிபட்டு மெதுவாக வெளிவரும். "இந்த வருஷம் மருந்து எடுக்கல" என்று இன்னொரு முறை ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்து பிறகு வேலையைக் காட்டும். மருந்து ஊற்றும் வட்டக் குழியிலேயே அதே சமயம் எருவைக் கொட்டுவதும் இந்தத் தவறுதான். எருவைச் சில மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். தண்டிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, அரை அடிக்கு மேல் போகாத ஆழத்தில், ஈரமான மண்ணில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் மருந்து சீராகப் பரவாது.

மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. மூன்று தொட்டி போதும். ஒன்றில் குழி வட்டத்து மண், 0–15 செ.மீ. ஆழத்திலிருந்து. இரண்டாவதில் அதே மண்ணோடு மருந்தைப் பிடித்துக்கொள்ள நன்றாகப் பொடித்த கரித்தூள் ஒரு கைப்பிடி. மூன்றாவதில் மருந்தே படாத வரப்பு மண். ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளரி விதை. இரண்டு வாரத்தில் முதல் தொட்டி நாற்று மட்டும் குட்டையாகி இலை கரும்பச்சையாக நின்றால் எச்சம் இருக்கிறது. கரித்தூள் தொட்டியிலும் அதே குட்டை என்றால் உப்பையோ சத்துக் குறைவையோ சந்தேகிக்கலாம். எச்சம் தெரிந்தால் அந்த வருடம் மருந்தை நிறுத்த வேண்டும். மரத்தடியில் நிலக்கடலையோ காய்கறியோ ஊடுபயிர் போடவும் கூடாது. மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்தவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தோப்புக்காரர்தான் குத்தகைப் பத்திரத்திலேயே அளவையும், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மண் வள அட்டையில் 12 விவரங்கள் வருகின்றன. கரிமம் இருக்கிறது, களியின் சதவீதமும் அயனிப் பிடிப்புத் திறனும் இல்லை. மா வட்டாரங்களுக்காவது இந்த இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. செம்மண்ணுக்கு ஒன்று, கரிசலுக்கு ஒன்று என்று கல்டார் அளவைப் பிரித்து, தமிழில் ஒரு பக்கத் துண்டுச்சீட்டாக ஆகஸ்ட் மாதத்துக்குள் கொடுத்தால் இந்தப் பருவத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
மண் ஆய்வில் பழகிய வாசகர்கள்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.