என் கைத்தடியை வாங்கும் முன் ஒரு நாற்காலி கொடுங்கள்

விமானப் பயணிகளைச் சோதிக்கும் விதிகளை வகுப்போருக்கும், அவற்றை நடைமுறைப்படுத்தும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கோத்தகிரியில் 31 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற, 68 வயதான ஒரு பெண் இதை எழுதுகிறேன். என் வலது தொடை எலும்புக்குள் நீண்ட கம்பி ஒன்றும், அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் திருகாணிகளும் இருக்கின்றன. இடது முழங்காலில் செயற்கை மூட்டு இருக்கிறது. உங்கள் மெட்டல் டிடெக்டர் வாயிலை நான் கடக்கும்போது மணி ஒலிப்பது இவற்றால்தான். உடலுக்குள் உலோகம் தாங்கிய பயணிகள் நாள்தோறும் உங்கள் முன் வருகிறார்கள். ஆகவே பின்னணியை விளக்கி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். சென்ற மாதம், வடக்கே இருக்கும் என் மகன் வீட்டிலிருந்து ஊர் திரும்பும்போது ஒரு பெரிய விமான நிலையத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லி, ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே எழுதுகிறேன்.

நான் கைத்தடி ஊன்றி நடப்பவள். அடியில் ரப்பர் பொருத்திய சாதாரண மரத்தடி அது. வரிசையில் என் முறை வந்ததும் கைப்பையையும் கைத்தடியையும் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அவை எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் மறுபுறம் இறங்கின. நான் இந்தப் புறம், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றேன். சுவரைத் தேடினேன், அருகில் சுவர் இல்லை. முன்னால் நின்ற பெண்ணின் தோளை அனுமதி கேட்டுப் பற்றிக்கொண்டு வாயிலைக் கடந்தேன். மணி ஒலித்தது. பெண்களைச் சோதிக்கும் திரைத் தடுப்புக்குள் அனுப்பினார்கள். அங்கே ஒரு சாண் உயரத்தில் மரமேடை ஒன்று இருக்கிறதே, அதில் ஏறி நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார்கள். கைத்தடி இல்லாமல் வலது காலை முதலில் தூக்கி வைத்து ஏற என்னால் முடியாது. இடது காலை வைத்து, முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்தி ஏறினேன். கைகளை நீட்டியதும் உடல் ஆடியது. திரை தொங்கும் கம்பியைப் பிடித்தேன். "பிடிக்கக் கூடாது" என்று சைகை காட்டி என் கையை எடுத்துவிட்டார் அந்த இளம் பெண் காவலர்.

கைக்கருவி தொடையருகே வந்ததும் கீச்சிட்டது, முழங்காலருகே மறுபடியும் கீச்சிட்டது. "ஆபரேஷன், உள்ளே ராடு" என்றேன். சான்று கேட்டார். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரே படமும் நீண்ட மஞ்சள் உறையில் என்னிடம் இருந்தன. ஆனால் அந்த உறை கைப்பைக்குள் இருந்தது, கைப்பை எக்ஸ்ரே பெட்டியின் பெல்ட்டில் மறுகோடியில் இருந்தது. சான்றைக் கேட்கும் இடத்துக்கு வருவதற்குள் சான்றை என்னிடமிருந்து பிரித்துவிடும்படிதான் உங்கள் வரிசை அமைந்திருக்கிறது என்பதை அதை வரைந்தவர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தார்களா என்று அறிய விரும்புகிறேன். மேலதிகாரியை அழைத்தார்கள். அவர் வரும்வரை அந்த மேடையிலேயே நின்றேன். வந்தவர் திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடி, தழும்பைக் காட்டச் சொன்னார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினேன். திரை விலகியே இருந்தது. வெளியே இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த, என் மகன் வயது ஆண் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டோமே என்ற பதைப்பில் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் நல்ல பிள்ளை. ஆனால் அந்த முகம் திரும்பிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

என் கைத்தடி உருளைகளின் கடைசியில், காலித் தட்டுகளின் அடியில் கிடந்தது. அங்கேவரை எப்படி நடந்தேன் என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் காவலர் மீது எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாள் முழுவதும் நின்றபடி பணி செய்பவர். தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் மீதுதான் என் வருத்தம். சக்கர நாற்காலியில் வரும் பயணியை அமர்ந்தபடியே சோதிக்கும் வழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருக்க, கைத்தடி ஊன்றி நடந்து வருபவருக்கு, தடியை வாங்கும் அதே நொடியில் ஒரு நாற்காலியை நீட்டுவதில் என்ன தடை? "அடுத்த முறை வீல்சேர் கேட்டு வாங்கிக்கொள் அம்மா" என்று என் மகன் சொல்கிறான். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாளே எழுப்பி நடக்கவைத்த மருத்துவர், நடையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று இன்றுவரை சொல்கிறார். வலியோடு மீட்டெடுத்த நடை அது. மரியாதையான சோதனை வேண்டும் என்பதற்காக நடக்க முடியாதவளாக ஏன் நான் நடந்துகொள்ள வேண்டும்?

சோதனையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தபோது என் மகன் அங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அவன் குரலைத் தொலைபேசியில் கேட்கும்வரை நானும் என் கணவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். மறு ஆண்டு டிசம்பரில் கந்தகாருக்குக் கடத்தப்பட்ட விமானத்தின் செய்தியை நாள்கணக்கில் வானொலியில் கேட்டோம். பாதுகாப்பு எதற்கு என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தொட்டுப் பாருங்கள், கருவியால் தடவிப் பாருங்கள், கேள்வி கேளுங்கள். உட்கார வைத்துச் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்கள் கருவியின் இயல்பையும் உங்கள் காவலர்களுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். வாயிற்சட்டத்திலுள்ள கம்பிச்சுருள்கள் விட்டுவிட்டுக் காந்தப் புலத்தை எழுப்புகின்றன. அந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தை வாயிற்சட்டம் உணர்ந்து மணி அடிக்கிறது. உலோகம் பையில் இருக்கிறதா எலும்பில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. என் தொடைக் கம்பி டைட்டானியக் கலவை. முழங்கால் மூட்டின் மேற்பகுதி கோபால்ட்டும் குரோமியமும் கலந்தது, கீழ்த்தட்டு டைட்டானியம், இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன். டைட்டானியம் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பதால், கருவியின் கூர்மையை எந்த அளவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் மணி ஒலிக்கும், வேறோரிடத்தில் ஒலிக்காது. போகும்போது ஒலிக்காத மணி வரும்போது ஒலித்தது. "ஊரிலிருந்து இங்கே வரும்போது ஒலிக்கவில்லை என்கிறீர்களே, இப்போது மட்டும் ஏன்?" என்று அந்த மேலதிகாரி என்னைச் சந்தேகத்தோடு கேட்டார். அவருடைய கருவியைப் பற்றிய கேள்விக்கு, ஒற்றைக்காலில் நின்றுகொண்டு நான் விடை சொல்ல வேண்டியிருந்தது. இதே அறியாமை வேறு சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம்; பேஸ்மேக்கர் பொருத்தியவரின் மார்பருகே கைக்கருவியை நெடுநேரம் பிடிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரித்தே அனுப்புகிறார்கள்.

மருத்துவச் சான்று மட்டும் போதாது, தாளை யாரும் தயாரிக்கலாம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க விமான நிலையங்களில் இத்தகைய பயணிகள் தம் உடல்நிலையைத் தெரிவிக்க ஓர் அட்டையைக் காட்டலாம். அந்த அட்டை அங்கும் சோதனையிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: பயணி வாய்விட்டு விளக்க வேண்டிய அவசியத்தைக் குறைக்கிறது. அதுபோன்ற அட்டை ஒன்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டு, அரசு மருத்துவரின் கையொப்பத்தோடு எங்கள் கழுத்தில் தொங்குமானால், மஞ்சள் உறை பெல்ட்டின் மறுகோடியில் கிடப்பதைப் பற்றிக் கவலை இருக்காது.

கருவியை மாற்றினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மில்லிமீட்டர் அலை உடல் ஸ்கேனர் தோலைத் துளைத்து உள்ளே பார்ப்பதில்லை. ஆடைக்குள் மறைத்திருப்பதை மட்டும் ஒரு பொம்மை உருவத்தின் மீது குறித்துக் காட்டுகிறது. எலும்புக்குள் இருக்கும் கம்பிக்காக அது கீச்சிடாது. 2019-ஆம் ஆண்டிலேயே 84 விமான நிலையங்களில் இத்தகைய ஸ்கேனர்களை நிறுவும்படி சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் உத்தரவிட்டு, 2020 மார்ச் வரை கெடுவும் விதித்தது. அந்தக் கெடு கடந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? நான் சென்ற வரிசையில் பழைய வாயிற்சட்டமும் பழைய கைக்கருவியும்தான் இருந்தன. ஸ்கேனருக்குக் கோடிகள் வேண்டும், காத்திருக்கிறோம். நாற்காலிக்கு எவ்வளவு வேண்டும்?

1981-இல் நடந்த விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மீண்டும் மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் அந்தக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்துக் காணொளி வெளியிட்டார். பாதுகாப்புப் படையினர் உடனே வருத்தம் தெரிவித்தார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் காணொளி வெளியிடத் தெரியாதவர்களிடம் யார் வருத்தம் தெரிவிப்பது?

எங்கள் மலையில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். சரிவில் நின்று நின்றே முழங்கால் தேய்ந்த கொழுந்து பறிக்கும் பெண்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பாசி படிந்த படியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்த கிழவிகள், தேயிலைக்குள்ளிருந்து பாய்ந்த காட்டெருமை தூக்கி எறிந்ததில் எலும்பு நொறுங்கியவர்கள். ராடும் பிளேட்டும் இல்லாத தெரு எங்கள் ஊரில் இருக்குமா என்பது சந்தேகம். இவர்களுடைய பிள்ளைகள் இப்போது பெங்களூரிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அனுப்பும் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, மலைப்பாதையிலுள்ள குஞ்சப்பனைக்குக் கீழே அதிகம் இறங்கியிராத இவர்கள் முதல்முறையாக விமானம் ஏறப் போகிறார்கள். எனக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு, முன்கையில் பிளேட் வைத்திருக்கும் என் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் மாலையில் வீட்டுக்கு வந்தார். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மூன்று பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். கதவருகே நின்றபடியே கேட்டார்: "அங்கே சேலையைத் தூக்கச் சொல்வாங்களாமே டீச்சர்? அப்படின்னா நான் போகலை. பேரனைப் போன்லயே பார்த்துக்கிறேன்."

அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

ரேஷன் கடையில் ரேகை பதியாத விரலோடு நிற்கிறோம், வங்கியில் டோக்கனோடு நிற்கிறோம், உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் நிரூபிக்க நிற்கிறோம். முதியவர் என்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியவர் என்று எல்லா அலுவலகங்களும் சேர்ந்து முடிவு செய்துவிட்டனவோ என்று சில நாட்களில் தோன்றுகிறது. அவை உங்கள் பொறுப்பில் வருபவை அல்ல. உங்கள் பொறுப்பில் வருவதை மட்டும் மீண்டும் பணிவோடு கேட்கிறேன்.

கைத்தடியை எக்ஸ்ரேக்கு வாங்கும் இடத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். தடி திரும்பக் கைக்கு வரும்வரை பயணி அதில் அமர்ந்திருக்கட்டும். திரைத் தடுப்புக்குள்ளும் ஒரு நாற்காலி இருக்கட்டும். உடலுக்குள் உலோகம் இருப்பதாகச் சொல்பவரை அதில் அமர்த்தியே சோதியுங்கள். மருத்துவச் சான்றைப் பைக்குள் போடாமல் கையில் கொண்டுவர அனுமதியுங்கள். தழும்பைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கதவுள்ள அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். இவற்றை எழுதி, வரிசையின் தொடக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். எந்த ஊரில் விமானம் ஏறினாலும் அதே விதி நடக்கட்டும்.

வரும் தை மாதம் பேத்தியின் காதணி விழாவுக்கு நான் மீண்டும் அதே வழியில் போக வேண்டும். மகன் டிக்கெட் எடுத்துவிட்டான். பக்கத்துத் தெருப் பெண்மணியின் மகனும் அவருக்காக ஒன்று எடுத்து அனுப்பியிருக்கிறான். அதை ரத்து செய்யச் சொல்லாதீர்கள், உங்களிடமிருந்து பதில் வரும்வரை பொறுங்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மார்கழி முடிவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.