ஹாட் ராடை எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஹாட் ராட் கார்கள் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்கள்) பற்றி வந்த கட்டுரை படங்களோடு நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு வரிதான் உறுத்தியது: 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத திறந்த கார்) ஒன்று "கம்பெனியிலிருந்து வெளிவந்த நிலைக்கே மீட்கப்பட்டது" என்று எழுதியிருந்தார்கள். ஹாட் ராடை அப்படி மீட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பழைய ஃபோர்டு. ஹாட் ராட் காணாமல் போய்விடும். ஒருவர் வெட்டி, ஒட்டி, தாழ்த்தி வைத்த வேலைதான் அந்த வண்டியின் அசல். எனவே முதல் கேள்வி, எந்த ஆண்டின் உருவத்துக்குத் திருப்புவது என்பதே.

அமெரிக்க ஹாட் ராட்காரர் டோன் ஸ்பென்சரின் கறுப்பு 1932 ரோட்ஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். 1940களில் அது அவர் கைக்கு வந்தது. முன்னால் V வடிவ டுவால் கண்ணாடி. மெக்ஸிகோவின் கரேரா பனமெரிகானா நெடுஞ்சாலைப் பந்தயத்துக்காக வண்டியைத் தயார் செய்தபோது, கல் அடித்து நசுங்காதபடி புகைக்குழாய்களைச் சேசிஸ் சட்டத்துக்குள்ளேயே நுழைத்துக் கொண்டுபோனார். 1954-உடன் அந்தப் பந்தயம் நின்றுவிட்டது, வண்டி அதில் ஓடவில்லை. பிறகு பல கை மாறியது. 1990களில் கார் சேகரிப்பாளர் புரூஸ் மேயர் வாங்கி, பீட் சபூரிஸின் சோ-கால் ஸ்பீட் ஷாப்பில் சீரமைக்கக் கொடுத்தார். 1997-ல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார் கண்காட்சியில் முதன்முறையாக ஹாட் ராடுக்கென்று தனிப் பிரிவு வைத்தபோது, பரிசு வாங்கியது இந்த வண்டிதான். புகைக்குழாய்க்காக வெட்டிய சட்டத்தை யாராவது 'சரிசெய்து' ஃபோர்டு விட்டபடி அடைத்திருந்தால் அந்தப் பரிசுக்கு வேலையே இருந்திருக்காது.

கட்டும் முறை சிக்கலானதல்ல. 1932-ல் ஃபோர்டு விட்ட V8 இன்ஜின், 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். விலை மலிவு. தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் உலர் ஏரிகளில் ஓட்டுவதற்காக மட்கார்டு, பானெட் எல்லாம் கழன்றன. முன் ஆக்சிலை நெருப்பில் காய்ச்சி இரண்டரை, மூன்று அங்குலம் தாழ்த்தினார்கள். கம்பி இழுக்கும் பிரேக்கை எடுத்துவிட்டு 1939 முதல் வந்த ஃபோர்டின் ஹைட்ராலிக் பிரேக்கை மாட்டினார்கள். ஒற்றைக் கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97. பட்டியல் அவ்வளவுதான். தகராறெல்லாம் ஐம்பது வருடம் கழித்து அதைப் பிரிக்கும்போதுதான்.

பிரிப்பதற்கு முன் வண்டியைப் படிக்க வேண்டும். பெயின்ட்டை மொத்தமாகச் சுரண்டாமல், மறைவான ஓரிடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு 600 நம்பர் தண்ணீர்த்தாளால் சரிவாகத் தேய்த்தால், மரத்தின் வளையம் போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வட்டமாகத் தெரியும். எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் என்பதைப் பழைய புகைப்படங்களோடு வைத்துப் பார்த்தால் வண்டி எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பது பிடிபடும். அடைத்த துளைகளும் பேசும். பித்தளைப் பற்று மஞ்சளாகத் தெரிந்தால் பழைய கேஸ் வேலை. சிறிய முத்து போன்ற மிக் வெல்டிங் என்றால் பிற்காலக் கை. சட்டத்தின் இடப்பக்க மேல்புறத்தில் பொறித்த எண்ணைக் கிரைண்டரால் தொடவே கூடாது. 1932 ரோட்ஸ்டருக்குப் புத்தம் புதிய இரும்பு பாடியே இன்று விலைக்குக் கிடைக்கிறது. பழையதற்கு மதிப்புத் தருவது அந்த எண்ணும் வரலாறும்தான்.

அடுத்து இன்ஜின் பிளாக். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இந்த பிளாட்ஹெட் V8-ல் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கின்றன. எரிந்த புகை வெளியேறும் வழி, தண்ணீர் சுற்றும் அறையின் ஊடாகப் போகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் புகைவாசல் மூன்று. நடு இரண்டும் ஒரே வாசலில் சேர்கின்றன. சூடு தண்ணீரில் ஏறுவது அதனால்தான். பிளாக் விரிசல் விடும் இடங்கள் இரண்டு: வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட மெல்லிய பாலம், ஹெட் ஸ்டட் துளைகளின் ஓரம். ஆகவே வேலை வரிசை முக்கியம். பிளாக்கின் அடைப்புப் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, தண்ணீர் அறைக்குள் வளைந்த கம்பி விட்டு, வார்ப்பின்போதே தங்கிப்போன மணலையும் துருக்கட்டியையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு ரசாயனத் தொட்டியில் கழுவி, விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனை, அழுத்தச் சோதனை, சுவர்த் தடிப்பை அளக்கும் சோதனை. இவை முடிந்தபிறகே சிலிண்டரைக் கடைந்து விரிக்கும் போரிங். முதலில் போர் செய்துவிட்டு அப்புறம் விரிசலைக் கண்டுபிடித்தால் லேத் கூலியும் பிஸ்டன் காசும் போச்சு.

போர்க்காலத்துக்குப் பிந்தைய 59 வரிசை பிளாக்கின் அசல் போர் (சிலிண்டர் விட்டம்) 3 3/16 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 3 3/4, மொத்தம் 239 கன அங்குலம். இதை 3 5/16-க்கு விரித்து, 1949 முதல் 1953 வரையிலான மெர்குரி காரின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கைப் போட்டால் 276 வரும். ஸ்ட்ரோக் கால் அங்குலம் கூடுவதால் பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் 'பின்'னுக்கான துளை 1/8 அங்குலம் மேலே இருக்க வேண்டும். கனெக்டிங் ராடும் பேரிங்கும் 1949 முதல் வந்த வகையாக இருப்பது நல்லது. வார்ப்பில் மணற்கரு நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும். அந்தச் சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் (உள்ளுறை) போட்டால் போதும், பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அலுமினிய ஹெட் போடுகிறவர்கள் ஸ்டட் மரையில் சீலர் தடவத் தவறக்கூடாது. பல துளைகள் நேராகத் தண்ணீர் அறையில் திறக்கின்றன. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில், 40 முதல் 50 அடி-பவுண்டுக்குள் முறுக்கி, ஓடிச் சூடேறி ஆறியபின் மறுபடி முறுக்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் சேருமிடத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினால் அரிப்பு நிச்சயம், கூலன்ட் வேண்டும். சூடு ஏறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். இந்த இன்ஜினுக்கு இரண்டு பம்பு. தடையே இல்லாவிட்டால் பம்பு வேகம் கூடும்போது ரேடியேட்டர் மேல்தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிகுழாய் வழியே வெளியே போய்விடும்.

பழையதை அப்படியே வைக்கக்கூடாத இடங்களும் உண்டு. இதை விட்டுக்கொடுக்க மாட்டோம். அந்தக் காலத்தில் முன் விஷ்போனை (ஆக்சிலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் V வடிவத் தண்டு) நடுவில் வெட்டி இரண்டாகப் பிரித்துச் சட்டத்தின் இரு பக்கமும் மாட்டினார்கள். I வடிவ ஆக்சில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது முறுக்கிக் கொடுக்கும். குழாய் ஆக்சில் முறுக்காது, ஆகவே அதில் இதே வேலையைச் செய்தால் பிராக்கெட் விரிசல் விடும். காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பின்சாய்வு) 5 முதல் 7 டிகிரி, டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/8 அங்குலம். காஸ்டர் குறைந்து கிங்பின்னும் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும். மாஸ்டர் சிலிண்டர் வெளிப்பார்வைக்குப் பழையதாகவே இருக்கட்டும். உள்ளே ஸ்லீவ் போட்டு, ரப்பரும் ஹோஸும் புதிதாக்க வேண்டும். பின் ஹப் கூம்பு ஷாஃப்ட்டில் உட்காருகிறது. தளர்ந்தால் இரண்டையும் பூட்டும் சாவித்துண்டு நறுங்கி, ஷாஃப்ட்டே உடையும். கழற்ற ஹப்பை முழுதும் பிடிக்கும் புல்லர்தான் சரி. ஷாஃப்ட் நுனியில் சுத்தியால் அடித்தால் அந்த அடி டிஃபரன்ஷியலுக்குள் போகும்.

பாடியில் மணல் பீய்ச்சினால் தகடு நீண்டு நெளிந்துவிடும். ரசாயனம் அல்லது பிளாஸ்டிக் துகள் போதும். பழைய ஈயப் பூச்சுக்கு அடியில் அமில ஃபிளக்ஸ் (ஈயம் பற்றத் தடவும் பொருள்) தங்கியிருந்தால் பளபளப்பான பெயின்ட் ஓரிரு ஆண்டில் கொப்புளமாகக் கிளம்பும். சோடா உப்புக் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயை எத்தனால் கலந்த பெட்ரோல் ஊறவைத்து இளக்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொரு விஷயம்: இங்கே இது சட்டச் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் குறிப்பிலிருந்து வண்டியை மாற்ற அனுமதிப்பதில்லை. 2021-ல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு வேண்டுமானால், வண்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருப்பதோடு, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் உருவத்திலும் இருக்க வேண்டும். தாத்தா காலத்து ஃபோர்டின் மட்கார்டைக் கழற்றக் கிளம்புகிறவர்கள் ஸ்பானரை எடுக்குமுன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
பழைய கார் சீரமைப்புப் பட்டறை வாசகர்கள்,
கோயம்புத்தூர்.