விமர்சனத்துக்கு அரைப் பக்கம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு யூடியூப் விமர்சனங்கள் கூடாது என்று கேட்டு, 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, அது நல்லதுதான். நடிகரின் சொந்த வாழ்க்கையை இழுத்துத் திட்டுபவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. அதற்காக எல்லோர் வாயையும் கட்ட முடியுமா?

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையை முக்கியமாக விமர்சனத்துக்காகத்தான் தொடங்கினார். வாங்கிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றியது அந்தப் பக்கங்களில்தான். 1962இல் 'புதுக்குரல்கள்' கவிதைத் தொகுப்பும் அங்கிருந்துதான் வந்தது. ஒரு கவிதையை வரி வரியாகப் பிரித்துப் பேச ஆள் இருந்தது எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு தெம்பைத் தந்திருக்கும்!

ஓவியத்தின் நிலைமை இன்னும் மோசம். கண்காட்சியை யார் திறந்து வைத்தார் என்று புகைப்படத்துடன் செய்தி வருகிறது. சுவரில் மாட்டியிருந்த ஓவியங்களைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கும் ஊரில் இப்படி என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

உங்கள் ஞாயிறு இதழில் அரைப் பக்கமாவது புத்தகம், சினிமா, ஓவியம் என்று மாற்றி மாற்றி விமர்சனத்துக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை